அந்தப் படிவத்தை எங்கே கொடுப்பது? அமெரிக்க மாநிலங்களும் கம்பனி வரியும்

அதிகாரப் பகிர்வு பற்றிக் கதை தொடங்கினால் எங்களுக்குள் முதலில் வருவது காணி, அடுத்தது பொலிஸ். வரி என்ற சொல் வருவதே குறைவு. வந்தாலும் அது கணக்காளர்மாரின் வேலை எண்டு ஒதுக்கிவிடுவோம். ஆனால் ஒரு மாநிலம் தன் பள்ளிக்கூடத்துக்கும் றோட்டுக்கும் தானே காசு தேடவேண்டும் என்றால், தன் மண்ணில் உழைக்கிற பெரிய கம்பனியைப் பார்த்து "உன் இலாபக் கணக்கைக் கொண்டுவந்து காட்டு" என்று கேட்க முடியவேண்டும். கம்பனி அப்படிக் கணக்கைக் காட்டுகிற கடதாசிதான் வருமான வரி விபரத்திரட்டு.

இந்தக் கட்டுரையில் நாங்கள் பார்ப்பது அமெரிக்காவின் கதை. அங்கே ஒரு கம்பனி மத்திய அரசுக்கு ஒரு விபரத்திரட்டைக் கொடுத்தவுடன் வேலை முடியாது. 50 மாநிலங்களில் 44 மாநிலங்கள் கம்பனி வருமானத்தின்மீது தங்கள் சொந்தச் சட்டப்படி வரி விதிக்கின்றன. எந்த மாநிலத்தில் கம்பனி "தொழில் செய்கிறதோ" அந்த மாநிலத்துக்கும் தனியாக ஒரு விபரத்திரட்டு கொடுக்கவேண்டும். சரி, ஒரு கம்பனி ஒரு மாநிலத்தில் தொழில் செய்கிறது என்றால் என்ன அர்த்தம்? கேள்வி சின்னதுதான். ஆனால் இதற்கு மறுமொழி தேடி நூறு வருடத்துக்கும் மேலாக வழக்காடுகிறார்கள்.

யார் கேட்பது: விஸ்கொன்சின், 1911

19 ஆம் நூற்றாண்டில் அமெரிக்க மாநிலங்களின் முக்கிய வருமானம் சொத்து வரி. காணியும் வீடும் கண்ணுக்குத் தெரியும். ஆகவே கமக்காரன் தப்ப முடியாது. பங்குப் பத்திரமும் கடன் பத்திரமும் லாச்சிக்குள் இருக்கும். ஆகவே அவற்றை வைத்திருந்தவன் தப்பினான். அப்ப வருமானத்துக்கு வரி போடலாமே என்று சில மாநிலங்கள் முயன்றன. குறிப்பாகத் தென் மாநிலங்களில் அப்படிச் சட்டங்கள் இருந்தன, ஆனால் காசு சேரவில்லை. காரணம் சிக்கலானதல்ல. கணக்குக் கேட்கவேண்டியவர் உள்ளூரில் தேர்தலில் வென்ற மதிப்பீட்டாளர். அடுத்த தேர்தலில் வாக்குக் கேட்டுப் போகவேண்டிய வாசலில் நின்றுகொண்டு "உங்கட வருமானம் எவ்வளவு?" எண்டு அவர் எப்படி அழுத்திக் கேட்பார்?

விஸ்கொன்சின் இதை வேறுமாதிரிச் செய்தது. 1908 இல் மாநில அரசியலமைப்பைத் திருத்தி வருமான வரிக்கு இடம்கொடுத்தார்கள். 1911 இல் சட்டம் வந்தது. தனியாட்களுக்கும் கம்பனிகளுக்கும் சேர்த்தே வரி. சட்டத்தின் உயிர் வரி வீதத்தில் இருக்கவில்லை, நிர்வாகத்தில் இருந்தது. தனியாட்களின் கணக்கைப் பார்க்கத் தேர்தலில் நில்லாத, அரச சேவை முறையில் தெரிவான அதிகாரிகளை மாநில வரி ஆணைக்குழு நியமித்தது. கம்பனிகளின் கணக்கை ஆணைக்குழுவே நேரடியாக எடுத்துக்கொண்டது. சேர்ந்த காசில் 70 வீதம் அந்தந்த ஊருக்கோ நகரத்துக்கோ போனது. 20 வீதம் கவுண்டிக்கு, 10 வீதம் மட்டுமே மாநிலத்துக்கு. கணக்குக் கேட்கும் கை மேலே இருந்தது, காசு கீழே இறங்கியது. உள்ளூர் ஆட்கள் இந்தச் சட்டத்தை எதிரியாகப் பார்க்காமல் இருக்க அது உதவியது.

1912 இல் மாநிலத்தின் உச்ச நீதிமன்றம் சட்டம் செல்லும் என்றது. மற்ற மாநிலங்களும் பின்தொடர்ந்தன. நியூயோர்க் 1917 இல் கம்பனிகளின் நிகர வருமானத்தை வைத்து வரி போடத் தொடங்கியது.

எவ்வளவு எங்களுடையது: தட்டச்சுப்பொறியும் துணிக்கடையும்

ஆனால் கம்பனி ஒரு மாநிலத்துக்குள் அடங்கி நிற்கிற சாமான் இல்லை. அண்டர்வூட் தட்டச்சுப்பொறிக் கம்பனியை எடுப்போம். பதிவு டெலவெயார் மாநிலத்தில். பிரதான அலுவலகம் நியூயோர்க்கில். தட்டச்சுப்பொறி செய்யும் வேலை முழுவதும் கனெடிகட் மாநிலத்தில். விற்பனை நாடு முழுக்க. கம்பனியின் சொந்தக் கணக்கின்படி 13 இலட்சம் டொலருக்கு மேற்பட்ட இலாபத்தில் சுமார் 43 ஆயிரம் மட்டுமே கனெடிகட்டில் கிடைத்தது. கனெடிகட் அதை ஏற்கவில்லை. கம்பனியின் ஆதனத்தில் 47 வீதம் எங்கள் மாநிலத்தில் இருக்கிறது, ஆகவே இலாபத்திலும் 47 வீதத்துக்கு வரி கட்டு என்றது.

வழக்கு அமெரிக்க உயர் நீதிமன்றம் வரை போனது. 1920 இல் நீதியரசர் பிரண்டைஸ் எழுதிய தீர்ப்பு கனெடிகட்டின் பக்கம் நின்றது. அதன் சாரம் இதுதான்: இலாபம் காசு கைமாறும் இடத்தில் மட்டும் பிறப்பதில்லை. தொழிற்சாலையில் தொடங்கிக் கடையில் முடியும் ஒரு சங்கிலி முழுவதிலும் அது உண்டாகிறது. அதைத் துல்லியமாக வெட்டிப் பிரிக்க முடியாது. ஆகவே மாநிலம் ஒரு நியாயமான சூத்திரத்தைப் பயன்படுத்தலாம்.

கலிபோர்னியா இதை இன்னும் ஒரு படி கொண்டுபோனது. பட்லர் பிரதர்ஸ் என்பது சிக்காகோவைத் தலைமையாகக் கொண்ட மொத்த வியாபாரக் கம்பனி. ஏழு இடங்களில் விநியோக நிலையம் வைத்திருந்தது, அதில் ஒன்று சான் பிரான்சிஸ்கோ. 1935 ஆம் வருடத்துக்கு "சான் பிரான்சிஸ்கோ கிளைக்கு 82,851 டொலர் நட்டம், ஆகவே உங்களுக்கு வரி இல்லை" என்று கம்பனி கலிபோர்னியாவுக்குக் கணக்குக் காட்டியது. அதே வருடம் முழுக் கம்பனியின் இலாபம் 11 இலட்சம் டொலருக்கு மேல். கலிபோர்னியா என்ன சொன்னது? சாமான் எல்லாவற்றையும் மொத்தமாக ஒரே இடத்தில் வாங்குகிறாய், அதால் மலிவாக வாங்குகிறாய், அந்த மலிவில் எங்கள் ஊர்க் கிளைக்கும் பங்கு இருக்கிறது. கிளையைத் தனியாகப் பார்க்க ஏலாது, முழு உடம்பையும் காட்டு. சூத்திரப்படி சுமார் 8 வீதம் கலிபோர்னியாவுடையது என்று கணக்கிட்டார்கள். நட்டம் காட்டிய இடத்தில் 93 ஆயிரம் டொலருக்கு மேல் வருமானம் வந்தது. 1942 இல் உயர் நீதிமன்றம் அதை ஏற்றது.

ஒரே தொழிலாக இயங்கும் கம்பனிக் குடும்பம் முழுவதும் சேர்ந்து ஒரே கணக்குக் காட்டவேண்டும் என்ற இன்றைய விதி இந்தப் பாதையில் வளர்ந்ததுதான். கம்பனி வருமான வரி விதிக்கும் மாநிலங்களில் பாதிக்கும் மேற்பட்டவை இன்று அதைக் கேட்கின்றன.

யார் கொடுக்கவேண்டும்: மூன்று அறை அலுவலகம்

இனி எங்கள் கதையின் நடுப்பகுதி. அயோவா மாநிலத்தின் மேசன் சிற்றியில் ஒரு சிமெந்துக் கம்பனி இருந்தது. பெயர் நோர்த்வெஸ்டர்ன் ஸ்டேட்ஸ் போர்ட்லண்ட் சிமெந்து. தொழிற்சாலை அயோவாவில். ஆனால் விற்பனையில் ஏறக்குறைய பாதி, அதாவது 48 வீதம், பக்கத்து மாநிலமான மினசோட்டாவில். மினியாபொலிஸ் நகரத்தில் மூன்று அறை கொண்ட ஒரு வாடகை அலுவலகம், சில விற்பனை றெப்மார், ஒரு செயலாளர். றெப்மார் ஓடர் எடுப்பார்கள். அந்த ஓடரை மேசன் சிற்றியில் இருப்பவர்கள் ஏற்பார்கள். சிமெந்தும் அங்கேயிருந்தே வரும்.

1933 முதல் 1948 வரையான வருடங்களுக்கு அந்தக் கம்பனி மினசோட்டாவுக்கு ஒரு விபரத்திரட்டுக்கூடக் கொடுக்கவில்லை. மினசோட்டா தானாகக் கணக்கிட்டு, சுமார் 1 இலட்சத்து 2 ஆயிரம் டொலர் வரி, அதற்குமேல் தண்டமும் வட்டியும் என்று கேட்டது. கம்பனியின் வாதம்: நாங்கள் செய்வது மாநிலங்களுக்கு இடையிலான வர்த்தகம். அதை ஒழுங்குபடுத்தும் அதிகாரம் அமெரிக்க அரசியலமைப்பின்படி காங்கிரசுக்குத்தான். ஒரு மாநிலம் எங்கட கணக்கைக் கேட்க ஏலாது.

1959 பெப்ரவரியில் உயர் நீதிமன்றம் மாநிலத்தின் பக்கம் தீர்ப்புச் சொன்னது. மாநிலத்தோடு போதிய தொடர்பு இருந்து, வரியும் அங்கே உழைத்த பங்குக்கு நியாயமாகப் பிரிக்கப்பட்டிருந்தால், மாநிலங்களுக்கு இடையிலான வர்த்தகத்தில் வந்த நிகர வருமானத்துக்கும் வரி கேட்கலாம்.

கம்பனிகள் கலங்கிப்போயின. நாலு றெப்மாரை அனுப்பினதுக்கே விபரத்திரட்டு எண்டால், 50 மாநிலத்துக்கும் 50 விதமான படிவம் நிரப்பவேண்டி வருமே என்று சின்னக் கம்பனிகள் பயந்தன. அந்தப் பயம் முழுக்கப் பொய் என்று சொல்லமுடியாது. ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனிப் படிவம், தனித் திகதி, தனிச் சூத்திரம். பெரிய கம்பனிக்கு அதற்கென்றே ஒரு கணக்காளர் கூட்டம் இருக்கும். சின்னக் கம்பனிக்குக் கணக்காளரின் கூலியே வரியைவிடக் கூடலாம்.

காங்கிரஸ் அசாதாரண வேகத்தில் வேலை செய்தது. பெப்ரவரியில் தீர்ப்பு, செப்டெம்பர் 14 இல் சட்டம். 86-272 என்ற இலக்கத்தால் அறியப்படும் அந்தச் சட்டம் மாநிலங்களின் கையை ஒரு இடத்தில் கட்டியது. தொட்டறியக்கூடிய சாமானுக்கு ஓடர் கேட்பது மட்டுமே ஒரு கம்பனி மாநிலத்துக்குள் செய்யும் வேலையாக இருந்து, அந்த ஓடரை வெளியில் ஏற்று வெளியிலிருந்தே அனுப்பினால், அந்த மாநிலம் அதனிடம் வருமான வரி கேட்க முடியாது. தற்காலிக ஏற்பாடு என்று சொல்லிக் கொண்டுவந்த சட்டம் அது. இன்றும் உயிரோடு இருக்கிறது.

பழைய சுவிங்கம் எடுத்த றெப்

ஓடர் "கேட்பது" எங்கே முடிகிறது? இதற்கு 33 வருடம் கழித்து ஒரு மறுமொழி கிடைத்தது. சிக்காகோவின் றிக்லி சுவிங்கம் கம்பனிக்கு விஸ்கொன்சினில் அலுவலகம் இல்லை. றெப்மார் மட்டும் கடைகளுக்குப் போவார்கள். போகும்போது கடைத் தட்டில் பழசாகிப்போன சுவிங்கத்தை எடுத்துவிட்டுப் புதியதை வைப்பார்கள். சிலவேளை தங்களிடம் உள்ள இருப்பிலிருந்து தட்டை நிரப்பி அதற்குக் கணக்கும் எழுதுவார்கள். எங்கட ஊர்க் கடைகளுக்கு வரும் கம்பனி றெப்மார் செய்வதைப் பார்த்தவர்களுக்கு இது புதினமில்லை.

1973 முதல் 1978 வரை நடந்த இந்த வேலைகளுக்காக விஸ்கொன்சின் வரி கேட்டது. 1992 இல் உயர் நீதிமன்றம் நீதியரசர் ஸ்கலியாவின் தீர்ப்பின் மூலம் மாநிலத்தை வெல்லவைத்தது. ஓடர் கேட்பதற்கு உறுதுணையான வேலைகள் பாதுகாப்புக்குள் வரும். ஆனால் பழைய சுவிங்கத்தை மாற்றுவது, இருப்பிலிருந்து கொடுப்பது, அதற்காகச் சரக்கைக் களஞ்சியப்படுத்துவது எல்லாம் ஓடர் கேட்பது அல்ல. அவை புறக்கணிக்கக்கூடிய அளவு சின்ன வேலைகளும் அல்ல. ஒரு சுவிங்கப் பெட்டிதான் ஒரு கம்பனி விபரத்திரட்டுக் கொடுக்கவேண்டுமா இல்லையா என்பதைத் தீர்மானித்தது.

ஆளில்லாத கம்பனி

ஓடர், றெப், பெட்டி எல்லாம் கண்ணுக்குத் தெரிகிற சாமான்கள். பிறகு கண்ணுக்குத் தெரியாத கம்பனிகள் வந்தன. ரோய்ஸ் ஆர் அஸ் என்ற விளையாட்டுப்பொருள் கடைச் சங்கிலியின் சின்னம் ஒரு ஒட்டகச்சிவிங்கி, பெயர் ஜெஃப்ரி. அந்தப் பெயரிலேயே டெலவெயாரில் ஒரு துணைக் கம்பனி பதிவாகியது. வர்த்தகச் சின்னங்கள் அதன் சொத்து. கடைகள் அந்தச் சின்னத்தைப் பயன்படுத்துவதற்காக நிகர விற்பனையில் 1 வீதத்தை ஜெஃப்ரிக்குக் கொடுத்தன. கொடுத்த காசைச் செலவாகக் காட்டித் தென் கரோலினாவில் தங்கள் வருமானத்தைக் குறைத்தன. இப்படிச் சின்னங்களை மட்டும் வைத்திருக்கும் கம்பனிக்கு டெலவெயாரும் வருமான வரி கேட்பதில்லை. 1990 இல் முழுநேர ஊழியர் ஒருவர்கூட இல்லாத ஜெஃப்ரியின் வருமானம் 55 மில்லியன் டொலர். எந்த மாநிலத்துக்கும் அது வருமான வரி கட்டவில்லை.

1993 இல் தென் கரோலினாவின் உச்ச நீதிமன்றம் சொன்னது: உன் சின்னம் எங்கள் கடைகளில் உழைக்கிறது, அது போதும், நீயும் வரி கட்டு. கட்டடமும் ஆளும் இல்லாமலே ஒரு கம்பனி ஒரு மாநிலத்தில் "இருக்கலாம்" என்ற எண்ணம் இப்படி வேரூன்றியது. சில மாநிலங்கள் பிறகு அதை இலக்கமாகவே எழுதின. கலிபோர்னியா 2011 முதல், மாநிலத்துக்குள் விற்பனை 5 இலட்சம் டொலரைத் தாண்டினால் தொழில் செய்வதாகவே கணக்கெடுக்கிறது. அந்த எல்லை பணவீக்கத்தோடு கூடிக்கொண்டு போகிறது. அங்கே தொழில் செய்யும் கம்பனி நட்டப்பட்டாலும் குறைந்தது 800 டொலர் கட்டவேண்டும். புதிதாகப் பதிவான கம்பனிக்கு முதல் வருடம் மட்டும் விலக்கு.

விபரத்திரட்டைக் கொடுக்காமல் விட்டால் என்ன? பொதுவாக ஒன்றைக் கொடுத்தால் மூன்று அல்லது நான்கு வருடத்துக்குள் வரித் திணைக்களம் அதைக் கேள்வி கேட்டு முடிக்கவேண்டும். கொடுக்காவிட்டால் அந்தக் காலம் ஓடத் தொடங்குவதேயில்லை. எத்தனை வருடம் கழித்தும் கதவு தட்டப்படலாம்.

எங்குமில்லாத வருமானம்

மாநிலங்களைத் தர்மத்தின் பக்கமும் கம்பனிகளைக் கள்ளரின் பக்கமும் நிறுத்தி இந்தக் கதையை முடித்தால் அது பொய். மாநிலங்கள் ஒன்றோடொன்று அடிபட்டன.

1957 இல் ஒரு மாதிரிச் சட்டம் வரையப்பட்டது. ஆதனம், சம்பளம், விற்பனை என்ற மூன்றுக்கும் சம எடை கொடுத்து வருமானத்தைப் பிரிக்கவேண்டும் என்றது அது. 1967 இல் சில மாநிலங்கள் தங்களுக்குள் உடன்படிக்கை செய்து ஒரு பலமாநில வரி ஆணைக்குழுவை அமைத்தன. மத்தி வந்து விதி போடுமுன் நாங்களே ஒரு விதிக்கு வருவோம் என்பதுதான் எண்ணம். ஆனால் அந்த ஒற்றுமை நிலைக்கவில்லை.

ஒரு கணக்குப் பார்ப்போம். ஒரு கம்பனியின் ஆதனத்திலும் சம்பளத்திலும் 80 வீதம் அ மாநிலத்தில், விற்பனையில் 80 வீதம் ஆ மாநிலத்தில். மிச்சம் எல்லாம் மறுபக்கத்தில். மூன்றுக்கும் சம எடை என்றால் அ மாநிலத்துக்கு 60 வீதம், ஆ மாநிலத்துக்கு 40 வீதம். கூட்டினால் 100. இப்ப அ மாநிலம் "தொழிற்சாலை எங்களை விட்டுப் போகக்கூடாது" என்று விற்பனையை மட்டும் பார்க்கத் தொடங்குகிறது. அதன் பங்கு 20 ஆகிறது. ஆ மாநிலம் பழைய சூத்திரத்திலேயே நிற்கிறது, 40. மிச்ச 40 வீதம் எந்த மாநிலத்தின் படிவத்திலும் இல்லை. அமெரிக்க வரி ஆட்கள் இதற்கு "எங்குமில்லாத வருமானம்" என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். சூத்திரங்கள் மாறி அமைந்தால் ஒரே காசுக்கு இரண்டு தடவை வரியும் வரும்.

விற்பனையை மட்டும் பார்க்கும் அயோவாவின் சூத்திரம் செல்லும் என்று 1978 இல் உயர் நீதிமன்றம் சொன்னது. இன்று அதுவே பெரும்பான்மை மாநிலங்களின் வழி. தொழிற்சாலையைப் பிடித்துவைக்கும் போட்டியில் மாநிலங்கள் தங்கள் கணக்கைத் தாங்களே சுருக்கிக்கொண்டன.

1959 ஆம் ஆண்டுச் சட்டத்தின் சண்டையும் முடியவில்லை. 2021 இல் பலமாநில வரி ஆணைக்குழு இணைய வியாபாரத்துக்கு ஒரு புது விளக்கம் வெளியிட்டது. வாங்குபவரின் கணினியில் "குக்கி" வைத்து, அதில் சேரும் தகவலைச் சரக்குத் திட்டமிடலுக்கும் புதுப் பொருள் உருவாக்கவும் பயன்படுத்தினால், அது ஓடர் கேட்பதைத் தாண்டிய வேலை என்றது. சுவிங்கப் பெட்டியின் இடத்துக்கு இப்போது குக்கி வந்திருக்கிறது. கலிபோர்னியாவின் வரிச்சபை இதே வழியில் வெளியிட்ட வழிகாட்டலை 2023 இல் அங்குள்ள ஒரு நீதிமன்றம் செல்லாது என்றது. விதி ஆக்கும் நடைமுறையைப் பின்பற்றவில்லை என்பது காரணம்.

எங்களுக்கு இதில் என்ன

1987 இன் 13 ஆவது திருத்தம் எங்கள் மாகாண சபைகளுக்குச் சில வரிகளைக் கொடுத்தது. புரள்வு வரி அதில் முக்கியமானது. கம்பனி வருமான வரி அந்தப் பட்டியலில் இல்லை. 2011 இல் புரள்வு வரியும் நீங்கி, மத்தி சேர்த்த தேசத்தைக் கட்டியெழுப்பும் வரியில் ஒரு பங்கு என்றாகியது. பிறகு அந்த வரியும் 2019 இல் நிறுத்தப்பட்டது. வடக்கில் எத்தனை கிளை வைத்து உழைத்தாலும், ஒரு கம்பனியின் வருமான விபரத்திரட்டு போவது மத்தியின் இறைவரித் திணைக்களத்துக்குத்தான். மாகாணத்தில் உழைத்தது எவ்வளவு என்று கேட்கும் ஒரு கட்டம்கூட மாகாணத்துக்கென்று இல்லை.

அமெரிக்காவைப் பார்த்து அப்படியே செய்யச் சொல்ல நாங்கள் வரவில்லை. அங்கேயும் அதிகாரம் கையில் இருந்த மாநிலங்கள் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டன, மத்தி ஏழே மாதத்தில் ஒரு கையைக் கட்டியது. ஆனால் வரி விதிக்கலாம் என்று சட்டத்தில் எழுதுவது முதல் படி மட்டும்தான் என்பதை இந்த வரலாறு காட்டுகிறது. யார் கணக்குக் கொடுக்கவேண்டும், எந்த அதிகாரி அதைப் பார்ப்பார், பக்கத்து மாகாணத்தோடு எப்படிப் பிரிப்பது, சின்ன வியாபாரிக்கு என்ன விலக்கு என்ற நாலுக்கும் மறுமொழி இல்லாமல் அந்த அதிகாரம் வேலை செய்யாது. விஸ்கொன்சினுக்கு முந்திய மாநிலங்களிடமும் சட்டம் இருந்ததுதான்.

அடுத்தமுறை மாகாணங்களுக்கு நிதி அதிகாரம் வேண்டும் என்று யாராவது மேடையில் சொன்னால், நாங்கள் கைதட்டலாம். தட்டின பிறகு இந்த நாலு கேள்வியையும் ஒருக்கால் கேட்டுப் பார்ப்போம்.